இரண்டு நட்டு

மழை விட்டு நாலு மணி நேரம் ஆகியும்
புதுப்பேட்டைக்குக் கரண்ட் வரவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கி
கார் பேட்டரியில் ஒரு பல்பை எரியவிட்டிருந்தேன்.
ஒரே டிவிஎஸ்ஸில் வந்தார்கள், நடுவில் ரம்பம்.
ஒரே வண்டியில் வருகிறவர்கள் முகம் பார்த்துக்கொள்ள முடியாதுதான்.
இறங்கியும் பார்த்துக்கொள்ளவில்லை.

"பார் ஆடுதுக்கா" என்றார் வரதப்பன்.
"ஆட்டுனவர கேளு" என்றார் சூசை, சுவரிடம்.

பெட்ரோலை வடித்தேன். எண்ணெயை வடித்தேன்.
மூடியைக் கழற்றினால்
தூங்குமூஞ்சி மரத்தின் தூள்
எண்ணெயில் ஊறி, ஆறின புளிக்காய்ச்சல் மாதிரி.
வழித்துப் போட்ட பிறகு தெரிந்தது:
பின் ஸ்டட் பரவாயில்லை.
முன் ஸ்டட் மரை நசுங்கி
ஒரு பக்கம் சாய்ந்து நின்றது,
கடைசி பஸ்ஸை விட்டவன் போல.

"எவ்ளோ நீள பைப்பு போட்டு முறுக்குனீங்க?"
வரதப்பன் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒரு முழம்.
சூசையின் இடது தொடையில் பேண்ட் கிழிந்திருந்தது,
டைலர் வெட்டினதுபோல் நேராக.
தோலில் கீறல் இல்லை.
மத்தியானம் செயின் கழன்று அடித்திருக்கிறது.
பயந்தவர் ஒருவர், முறுக்கியவர் இன்னொருவர்.

இதற்கு ஒரு வழி உண்டு.
டை போட்டு மரையை ஓரளவு மீட்டு
ஒரு நட்டை ஏற்ற வேண்டும், அதன் தலைமேல் இன்னொன்று.
இரண்டு ஸ்பேனரால்
ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி நெருக்கினால்
எதுவும் எதையும் நகரவிடாது.
அப்புறம் அடி நட்டை இடப்பக்கம் திருப்பினால்
ஸ்டட் கூடவே வரவேண்டும்.
விளக்கிச் சொன்னால் வேலை உவமையாகிவிடுகிறது.
பெஞ்சில் ஆளுக்கொரு முனையாக உட்கார்ந்திருந்தவர்களை
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வரவில்லை.
உள்ளே கம்பெனிப் பசை. சூடு காட்டினால்தான் விடும்.
ஹீட் கன்னுக்குக் கரண்ட் இல்லை,
பெட்ரோல் வாசனைக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது.
ரம்பத்தைத் துடைத்துக் காற்றாட வாசலில் வைத்துவிட்டு
எதிர் டீக்கடை கேஸ் அடுப்பில்
பழைய போல்ட் ஒன்றைக் குறட்டில் பிடித்துக் காய்ச்சி
கணுக்கால் தண்ணீரில் ஓடி வந்து
ஸ்டட் தலையில் அழுத்தினேன்.
எண்ணினேன். திரும்ப ஓடினேன். திரும்ப எண்ணினேன்.
மூன்றாம் நடையில் 'கிர்' என்றது.
அப்புறம் அது பாட்டுக்கு
சுற்றுச் சுற்றாக வெளியே வந்தது.

வரதப்பனின் போன் அடித்தது.
புரசைவாக்கத்தில்
மரம் விழுந்து வாசல் அடைத்துக் கிடக்கிற வீட்டம்மா.
"அவசரமில்லப்பா. நான் உள்ள நல்லாத்தான் இருக்கேன்.
பூனதான் வெளிய இருக்குது.
ஜன்னலாண்ட வந்து வந்து கத்திட்டுப் போவுது."

செத்துப்போன வேறொரு ரம்பத்தின் ஸ்டட் டப்பாவில் இருந்தது.
ஓட்டைக்குள் பழைய பசை, பல்லிடுக்குச் சோறு மாதிரி.
காது குச்சியால் துடைத்து எடுத்தேன்.
நீலப் பசை ஒரு சொட்டு.
இரண்டு வைத்தால் அடுத்த தடவை கழற்றுகிறவர் திட்டுவார்.
அடுத்த தடவையும் நான்தான்.
விரலால் போகிற வரை விரலால்.
பிறகு மேல் நட்டைப் பிடித்து வலப்பக்கம், அளவாக.
மெக்னீசிய உடம்பு, கோபம் தாங்காது.

"இறுகணும். பத்து நிமிஷம் கை வைக்காதீங்க."

கூவம் வாடை உள்ளே வந்து உட்கார்ந்தது.
ஒரு கார்ப்பரேஷன் லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
ஆறாவது நிமிஷமோ ஏழாவதோ
வரதப்பன் கேட்டார், ரம்பத்தைப் பார்த்து:
"தொட எரியுதா?"
"பேண்ட்டு முன்னூத்தம்பது ரூவா" என்றார் சூசை.

பாரை மாட்டி, செயினைச் சுற்றினேன்.
மூக்கைத் தூக்கிப் பிடித்தபடிதான் நட்டை இறுக்க வேண்டும்,
இல்லாவிட்டால் செயின் தொங்கிவிடும்.
"யாராச்சும் புடிங்க" என்றேன்.
இரண்டு கைகள் நீண்டன.
ஒன்று போதும் என்று நான் சொல்லவில்லை.

போய்விட்டார்கள்.
பைப்பை மறந்தார்களா, விட்டுவிட்டார்களா, தெரியாது.
அதை நிறுத்திவைத்துத்தான்
இப்போது ஷட்டர் பாதியில் நிற்கிறது.